புதுப்பிப்பு: மஞ்சள் பிரிக்கும் ப்ராஜெக்ட், ரிவ்யூ முடிந்தது
ஈரோட்டு மஞ்சளை ஃபோட்டோ எடுத்து விரலி (விரல்போல நீண்டது), கிழங்கு (உருண்டையானது) என்று பிரிக்கும் எங்கள் இமேஜ் ப்ராசசிங் ப்ராஜெக்டில், ப்ரோகிராம் நிழலையும் மஞ்சள் என்றே காட்டுகிறது என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். அது சரியாகிவிட்டது.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 1979இல் ஓட்சு என்ற ஆய்வாளர் சொன்ன முறையில் த்ரெஷோல்டு (பொருளையும் பின்னணியையும் பிரிக்கும் வெளிச்ச எல்லை) போட்டதுதான் சிக்கல். அதில் வெள்ளைத் துணிமேல் விழுந்த நிழலும் மஞ்சளும் ஒரே சாம்பல். கமெண்டில் நீங்கள் சொன்னபடி, நிறம், நிறச்செறிவு, வெளிச்சம் என மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் ஹெச்எஸ்விக்கு மாறினோம். நிழலில் வெளிச்சம்தான் குறைகிறது, நிறச்செறிவு அவ்வளவாக ஏறுவதில்லை. ஆனாலும் முதலில் ஒன்றுமே சிக்கவில்லை! 360 டிகிரி நிறவட்டத்தில் மஞ்சள் நிறம் 60 டிகிரி என்று அப்படியே 60 கொடுத்திருந்தோம். நாங்கள் பயன்படுத்திய ஓப்பன்சிவி என்ற இமேஜ் ப்ராசசிங் லைப்ரரியில் ஹியூ (நிறக்கோணம்) 0 முதல் 179 வரைதான், பாதியாக்க வேண்டும். அங்கே 60 என்றால் பச்சை. ஒரு ராத்திரி போச்சு.

அப்புறம் சுலபம். நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் விரலி. ஒட்டிக் கிடந்தவற்றைப் பிரிக்க வாட்டர்ஷெட் என்ற முறையைப் போட்டால் ஒரு விரலியை மூன்று துண்டாக்கியது. விட்டுவிட்டு, கையாலேயே தள்ளித் தள்ளி வைத்துப் படமெடுத்தோம். அதை ரிவ்யூவில் மறைக்கவில்லை. மேடம் சிரித்துக்கொண்டே மார்க் குறைத்தார்.

மஞ்சள் கொடுத்த நண்பனின் அப்பாவுக்கு டெமோ காட்டினோம். “ஏங்கண்ணு, இதைத்தான் எங்க ஆத்தா கண்ணை மூடிட்டுப் பிரிப்பாங்களே” என்றார்.