ரெட்டைப் பிள்ளை, மாமியார் 35 வாரத்தில் நாள் குறித்துவிட்டார், என்ன செய்வது?

தங்கச்சிமடத்துக்காரி:
எனக்கு 31 வாரம், தலைப்பிரசவம், வயிற்றில் ரெட்டை. ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்ததில் முதல் பிள்ளைக்குத் தலை கீழே, இரண்டாவது குறுக்கே கிடக்கிறதாம். டாக்டரம்மா சுகப்பிரசவத்துக்கே பார்க்கலாம் என்கிறார். மாமியாரோ ரெட்டை என்றாலே ஆபரேஷன்தான், எப்படியும் கிழிக்கப் போகிறார்கள், நல்ல நட்சத்திரத்தில் கிழிக்கட்டும் என்று ஜோசியரிடம் நாள் வாங்கி வந்துவிட்டார். கணக்குப் பார்த்தால் அன்றைக்கு 35 வாரம்தான் ஆகும். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், வலி எடுக்கும்போது கரையில் இருப்பாரா தெரியாது. எதை வைத்து முடிவு செய்வது?

பழைய நர்ஸம்மா, தேவிபட்டினம்:
தாயி, முதலில் மூன்றாம் மாசம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடு. நஞ்சு, அதாவது பிள்ளைக்குச் சத்துக் கொடுக்கும் நஞ்சுக்கொடி, ஒன்றா இரண்டா என்பது 11 முதல் 14 வாரத்துக்குள் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும், போகப் போக இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்று போல இருக்கும். டிசிடிஏ என்று எழுதியிருந்தால் ஆளுக்கொரு நஞ்சு, ஆளுக்கொரு பனிக்குடம். வேறு சிக்கல் இல்லையென்றால் 37, 38 வாரம் வரை விடுவார்கள். எம்சிடிஏ என்றால் நஞ்சு ஒன்று, ரத்தம் ஒரு பிள்ளைக்குக் கூடி மற்றதற்குக் குறையும் பயம் இருக்கிறது, அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன், 36 வாரத்தை ஒட்டி எடுத்துவிடுவார்கள். எம்சிஎம்ஏ என்றால் பனிக்குடமும் ஒன்றுதான், தொப்புள்கொடிகள் பின்னிக்கொள்ளும், 32-34 வாரத்திலேயே ஆபரேஷன்.
காரணமே இல்லாமல் 35ல் எடுத்தால் மூச்சுத் திணறல் வரலாம், பால் உறிஞ்சத் தெம்பு இல்லாமல் போகலாம். நட்சத்திரம் நன்றாக இருந்து பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் கிடந்தால் யாருக்கு லாபம்? மாமியாரோடு சண்டை வேண்டாம். ஆபரேஷன் என்றே முடிவானால் டாக்டர் சொல்லும் வாரத்துக்குள் எந்த நாள் என்பதை அவர் பார்க்கட்டும், அவருக்கும் மனசு ஆறும்.

கீழக்கரை லாத்தா:
தங்கச்சி, எனக்கும் இதே கதைதான். மூத்தது பிறந்து கொடி வெட்டிய கையோடு, பக்கத்திலேயே வைத்திருந்த ஸ்கேன் மெஷினால் வயிற்றைப் பார்த்தார்கள், ஒரு சிஸ்டர் மேலிருந்து அழுத்திப் பிடிக்க, டாக்டர் கையை உள்ளே விட்டு இளையவளின் இரண்டு காலையும் பிடித்து இறக்கினார். முதுகில் ஊசி போட்டிருந்ததால் தாங்கினேன், அது இல்லாவிட்டால் ஊரையே கூட்டியிருப்பேன். டாக்டரிடம் இதைக் கேள்: இரண்டாவது குறுக்கே நின்றால் இப்படிக் காலைப் பிடித்து எடுத்துப் பழகியவர் ராத்திரியிலும் இருப்பாரா, மயக்க டாக்டர் இருப்பாரா, தியேட்டர் உடனே கிடைக்குமா? மூன்றுக்கும் சரி என்றால் தைரியமாகச் சுகப்பிரசவத்துக்குப் போ. என் நாத்தனாருக்கு முதல் பிள்ளை சுகமாகப் பிறந்து இரண்டாவதுக்கு வயிற்றைத் திறந்தார்கள், அபூர்வம்தான், ஆனால் நடக்கும்.

ரெட்டையர் அப்பா, பரமக்குடி:
ரெட்டை என்றாலே ஆபரேஷன் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2013ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, 25 நாடுகளில், 2,800 பேர், எல்லோருக்கும் முதல் பிள்ளை தலை கீழே. முன்கூட்டியே திட்டமிட்டு ஆபரேஷன் செய்ததால் பிள்ளைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆனால் சுகப்பிரசவத்துக்கு என்று வைத்தவர்களிலும் 100க்கு 44 பேருக்குக் கடைசியில் ஆபரேஷன்தான் ஆனது, அதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் பிள்ளை கால் கீழே என்று திரும்பிவிட்டால் பேச்சு மாறிவிடும்.

மண்டபம் வேன்காரர்:
மருத்துவம் எனக்குத் தெரியாதும்மா, ரோடு தெரியும். தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், பாம்பன் பாலம் ஒன்றுதான் வழி. அமாவாசைக் கூட்டத்தில் பஸ்ஸும் வேனும் எப்படி நிற்கும் என்று உனக்கே தெரியும். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் இன்னும் 110க்கு மேல். 34 வாரம் ஆனதும் ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்துவிடு.

பழைய நர்ஸம்மா, தேவிபட்டினம்:
தம்பி சொல்வது சரி. ரெட்டையில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்னாலேயே பிறந்துவிடும். நீர் உடைந்தாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, ரத்தம் பட்டாலோ, கண் மங்கித் தலைவலி வந்தாலோ யாருக்காகவும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடு. சீக்கிரம் பிறக்கும் போலிருந்தால் பிள்ளைகளின் நுரையீரல் முதிர உனக்கு ஊசி போடுவார்கள், பிறப்பதற்கு முன் போட்டால்தான் பலன்.

தங்கச்சிமடத்துக்காரி:
ரிப்போர்ட் கிடைத்துவிட்டது, டிசிடிஏ! மாமியாரிடம் இவர் பேசுகிறேன் என்கிறார். அதே ஃபைலில் ஹீமோகுளோபின் 9.1 என்று இருக்கிறது, பரவாயில்லையா?

பழைய நர்ஸம்மா, தேவிபட்டினம்:
குறைவு தாயி. ரெட்டை சுமந்து விரிந்த கர்ப்பப்பை பிரசவத்துக்குப் பின் சட்டென்று சுருங்காமல் போகலாம், ரத்தப்போக்கு அதிகமாகலாம். நாளைக்கே போய் இரும்புச்சத்து டிரிப் போட வேண்டுமா என்று கேள். வீட்டுக்காரரோடு போட்டில் போகிறவர்களில் உன் ரத்த குரூப் உள்ள இரண்டு பேரிடம் தேவைப்பட்டால் ரத்தம் கொடுக்க இப்போதே சொல்லி வை.