மூளையே வேண்டாத டிவி போட்டி: உங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க

தக்கலைக்காரன்

ராத்திரி பதினொண்ணு தாண்டுனா வருமே, ரெண்டு நடிகர் மூஞ்சிய வெட்டி ஒட்டி வச்சு "இவங்க யாரு, உடனே கூப்பிடுங்க"ன்னு ஒரு பொண்ணு கத்துற நிகழ்ச்சி, அதப் பத்திதான். எந்தச் சேனல்னு சொல்ல மாட்டேன், பாத்தவங்களுக்குத் தெரியும். மேல கண்ணு ரஜினி, கீழ தாடை விஜயகாந்த். எல்கேஜி பிள்ள கூட சொல்லிரும். ஆனா லைன்ல வாறவன் ஒருத்தன் "ஐஸ்வர்யா ராய்"ங்கான், அடுத்தவன் "நம்பியார்"ங்கான். பரிசுத் தொகை பாட்டுக்கு ஏறிக்கிட்டே போவுது.

நான் அப்ப பன்னெண்டாம் கிளாஸ். தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தா முன்னறைல லைட்டு இல்ல. டிவிய சத்தமில்லாம வச்சுட்டு, துவர்த்தால தலைய மூடி, அதுக்குள்ள போன் ரிசீவர வச்சுக்கிட்டு எங்கப்பா உக்காந்திருக்காங்க. பஸ் கண்டக்டர். டிக்கெட் காச எண்ணும்போது கூட அவங்களுக்கு உதடு அசையாது. அன்னைக்கு அசைஞ்சிட்டே இருந்துச்சு. கிட்ட போனப்பதான் கேட்டுது: "ரஜினி, விஜயகாந்த். ரஜினி, விஜயகாந்த்." லைன் கிடைக்கும்போது பதட்டத்துல மறந்துரப்பிடாதுல்லா. என்னப் பாத்ததும் வாயில விரல வச்சு, அம்மா படுத்திருந்த ரூமப் பாத்து கண்ணக் காட்டுனாங்க.

லைன் கிடைக்கவே இல்ல. காத்திருந்த நிமிஷத்துக்கெல்லாம் காசு. பில்லு அம்மா கைக்குப் போவதுக்கு முந்தி எக்ஸ்சேஞ்சுல கொண்டு கட்டிட்டாங்க, எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லல. அப்பா இப்ப இல்ல. பணம் போனா போவுது. அந்த ஒத்திகைதான் மனச விட்டுப் போவ மாட்டேங்குது.

குளச்சல் காத்து

உங்கப்பா காத்திருந்தது உண்மை. அந்த "ஐஸ்வர்யா ராய்" பார்ட்டி உண்மையான்னு கேளுங்க. மெட்ராஸ்ல எங்கூட ஒரே ரூம்ல கிடந்தவன் ஒருத்தன், அது மாதிரி ஒரு நிகழ்ச்சிக்குப் பக்கத்து அறைல இருந்து போன் பேசுற வேலைக்குப் போனான். தப்பாச் சொல்லணும், ஆனா சிரிக்கப்பிடாது. ஒரு நாள் "கிருபானந்த வாரியார்"னு சொல்லிட்டு அவனுக்கே சிரிப்பு பொத்துக்கிட்டு வந்து, அடுத்த நாள்ல இருந்து வேலை இல்ல. எல்லா நிகழ்ச்சியும் அப்படின்னு சொல்ல வரல. நான் கண்டது அவ்வளவுதான்.

மாத்திரைக்காரி

நான் இங்கிலாந்துல நர்ஸ். ஊர் கருங்கல் பக்கம். தக்கலைக்காரன் அண்ணே, வெள்ளக்காரனும் இதே கூத்துதான். வந்த புதுசுல நைட் டூட்டி இல்லாத ராத்திரி உறக்கம் வராது, டிவியப் போட்டா இதே போன் போட்டி. "ஒரு பெண்ணோட கைப்பைக்குள்ள என்னவெல்லாம் இருக்கும்?" இதுதான் கேள்வி. சீப்பு, கண்ணாடி, லிப்ஸ்டிக்னு ஆளுங்க சொல்லிச் சொல்லித் தோத்தாங்க. யாரும் சொல்லாத விடை என்ன தெரியுமா? சுவத்துல ஸ்க்ரூ முடுக்கதுக்கு முன்னால அடிப்பாங்களே பிளாஸ்டிக் குச்சி, அது. இன்னொண்ணு, கண்ணு மட்டும் தெரியுற கம்பளிக் குல்லா. கொள்ளையடிக்கப் போற பொம்பள பை போல!

அந்தக் கேள்வி நாடாளுமன்றக் குழு வரைக்கும் போச்சு, 2007 தொடக்கத்துல பேப்பர் எல்லாம் இதேதான். நான் கூப்பிடல. ஆனா என் பைய உண்மையாவே திறந்து பாத்தேன், அதான் வெக்கம். உள்ள ஒரு ஜெபமாலையும், எக்ஸ்பயரி ஆன பாராசிட்டமாலும், பாதி தின்ன மிக்சர் பொட்டலமும் கிடந்துது.

வடசேரி மைனி

நாங்க பெட்டி திறக்குற நிகழ்ச்சிக்குப் போனோம். ரிஷி நடத்துன டீலா நோ டீலா எல்லாரும் பாத்திருப்பீங்க, மலையாளத்துல முகேஷும் நடத்துனாரு, அந்த வகை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு தொகை. ஒண்ண நம்ம பெட்டியா வச்சுக்கிட்டு மத்தத ஒவ்வொண்ணாத் திறக்கச் சொல்லணும், திறந்த தொகை போச்சு. நடுவுல பேங்க்காரன்னு ஒருத்தன் ஒரு தொகை சொல்லுவான், வாங்கிட்டு நிறுத்துனா டீல், மேல ஆடுனா நோ டீல். நாங்க போனது எதுன்னு கேக்காதீங்க. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல போயி இறங்கி, விடியக்காலம் ஏழு மணில இருந்து உக்கார வச்சுட்டாங்க. கைதட்ட ஒரு ஆளு சைகை காட்டுவான். நாங்க தட்டணும்.

எங்க வீட்டுக்காரங்க பேங்க்காரன் சொன்ன ஒரு நல்ல தொகைக்கு "நோ டீல்"னுட்டாங்க. நான் கீழ இருந்து "டீல் டீல்"னு தொண்ட கிழியக் கத்துனேன். முந்தின பெட்டில பெருசு ஒண்ணு போயிருந்துது, அதப் பிடிச்சே தீருவேன்னு நின்னாங்க. அடுத்த பெட்டிய அந்தப் பொண்ணு திறக்கா, மூடி பாதி தூக்கியாச்சு, "கட்!" ஏதோ லைட்டு கெட்டுப் போச்சாம். இருபது நிமிஷம். பாதி திறந்த பெட்டி. எங்களுக்கு உள்ள தெரியாது, அவளுக்குத் தெரியும். அவ மூடிய ஒரு விரலால தாங்கிக்கிட்டு கொட்டாவி விட்டா. எங்க வீட்டுக்காரங்க சட்டை முதுகோட ஒட்டிப் போச்சு. அந்தக் கொட்டாவிலயே எனக்கு விஷயம் விளங்கிட்டு.

கடைசி ரெண்டு பெட்டி நிக்கும்போது மாத்துறீங்களான்னு கேட்டாங்க. மாத்தல. மத்தப் பெட்டிலதான் லட்சம் இருந்துது. எங்க கைல ரயில் சார்ஜ் கூட தேறல. இன்னைக்கும் கல்யாண வீட்டுக்குப் போனா "மாத்தியிருக்கலாம்லா மைனி"ன்னு யாராவது ஒருத்தர் தொடங்குவாங்க.

கணக்கு சார்

சொல்றவங்க சரியாத்தான் சொல்றாங்க. மாத்தியிருக்கணும். 1963ல அமெரிக்காவுல தொடங்கின ஒரு பரிசு நிகழ்ச்சி, நடத்தினவர் மாண்டி ஹால், அவர் பேர்லயே ஒரு கணக்கு உண்டு. மூணு கதவு. ஒண்ணுக்குப் பின்னால கார், ரெண்டுக்குப் பின்னால ஆடு. நீங்க ஒரு கதவக் காட்டுறீங்க. அவர் மீதி ரெண்டுல ஆடு நிக்கிற ஒண்ணத் திறந்து காட்டிட்டு, மாத்துறீங்களான்னு கேப்பார். மாத்தினா ஜெயிக்க மூணுக்கு ரெண்டு வாய்ப்பு. மாத்தலேன்னா மூணுக்கு ஒண்ணு. 1990ல மர்லின் வோஸ் சாவந்த்னு ஒரு அம்மா இத ஒரு வாரப் பத்திரிகைல எழுதினதும் பத்தாயிரம் கடிதம் போல வந்து குவிஞ்சுது, டாக்டர் பட்டம் வாங்கினவங்க எல்லாம் தப்புன்னு திட்டினாங்க. கடைசில அந்த அம்மா சொன்னதுதான் சரி. மைனி, உங்க வீட்டுக்காரர் கணக்குப் படி தப்புப் பண்ணிட்டார். நிகழ்ச்சிக்குப் போறவங்க குறைஞ்சபட்சம் பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தையாவது ஒரு தடவை புரட்டிட்டுப் போகணும்.

எனக்கு இதுல சொந்த அனுபவம் எதுவும் இல்ல.

பால்வெட்டு

சார், மன்னிக்கணும், அது வேற இது வேற.

மாண்டி ஹாலுக்கு கார் எங்க நிக்குன்னு தெரியும். தெரிஞ்சே ஆட்டுக் கதவத் திறப்பாரு. அவருக்குத் தெரிஞ்ச சங்கதிதான் உங்களுக்கு வாய்ப்பாக் கிடைக்கது. பெட்டி விளையாட்டுல திறக்கச் சொன்னது மைனி வீட்டுக்காரங்க. அவங்களுக்கு ஒரு எழவும் தெரியாது. குருட்டாம்போக்குல பெரிய தொகை தப்பிச்சு கடைசி வரைக்கும் வந்தா, பாதிக்குப் பாதிதான். மாத்துனாலும் ஒண்ணு, மாத்தாட்டாலும் ஒண்ணு. அமெரிக்காவுல 26 பெட்டி. அதுல பெரிய தொகை கடைசி ரெண்டுல ஒண்ணா வந்து நிக்கதே 13 ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம்தான்.

நான் எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி, வேலை குலசேகரத்துப் பக்கம் ரப்பர் பால்வெட்டு. ஷீட்டடிச்சு முடிச்ச பெறவு ஷெட்டுல மூணு தேங்காச் சிரட்டையக் கவுத்து, ஒண்ணுக்கடில புளியங்கொட்ட வச்சு, கூட்டாளியோட அறுபது ஆட்டம் ஆடிப் பாத்தேன். ஒட்டுப்பால் நாத்தத்துல ஆராய்ச்சி. அவன் தெரிஞ்சு வெறும் சிரட்டையத் தூக்குனப்ப, மாத்தி மாத்தி 41 ஜெயிச்சேன். மறுநாள் அவனும் கண்ண மூடிட்டுத் தூக்குனான். கொட்ட வெளிய வந்த ஆட்டத்தக் கழிச்சுட்டா மீதில பாதிக்குப் பாதி. மைனி, கல்யாண வீட்டுல அடுத்த தடவை யாராவது தொடங்குனா ரெண்டு சிரட்டையக் கையில குடுங்க.

கணக்கு சார்

நடத்துபவருக்குத் தெரியுமா தெரியாதாங்கிறது முக்கியம்தான், ஒத்துக்கிறேன். ஆனா மைனி வீட்டுக்காரர் "நோ டீல்" சொன்னதுக்கும் காரணம் உண்டு. நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா மூணு நாட்டுலயும் இந்த ஆட்டம் ஆடின 151 பேர பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலரும் இன்னும் மூணு பேரும் ஆராய்ஞ்சு 2008ல எழுதினாங்க. தேலருக்கு 2017ல நோபல். தொடக்கத்துல பேங்க்காரன் மீதித் தொகைகளோட சராசரிக்கு ரொம்பக் கீழதான் பேசுவான். பெரிய தொகைய இழந்தவன் அதப் பிடிக்கணும்னு இன்னும் துணிவான். உங்க வீட்டுக்காரர் செஞ்சது அதுதான், அவர் மட்டும் செய்யல. சிரட்டை விஷயத்த நானும் வகுப்புல செஞ்சு பாக்குறேன்.

திங்கள்சந்தை ஆடிட்டர் ஆபீஸ்

எங்க சித்தப்பா ஒரு போட்டியில பைக் ஜெயிச்சாரு. ஒரு நிமிஷத்துல எத்தன பலூன் உடைக்கணுமோ அத்தன உடைச்சாரு, அவ்வளவுதான் அறிவு. பைக்க எடுக்கப் போனா, வரியக் கட்டிட்டு எடுங்கன்னுட்டான். சித்தி கைவளையல அடகு வச்சு எடுத்தது. இது கதை.

இனி எல்லாரும் கவனிக்க. வருமான வரிச் சட்டத்துல இதுக்குன்னே ஒரு பிரிவு உண்டு, பழைய 1961 சட்டத்துல அது 115பிபி. லாட்டரி, டிவி போட்டி, சீட்டு விளையாட்டு எதுல ஜெயிச்சாலும் 30 சதவீதம், அந்த வரி மேல செஸ்னு ஒரு கூடுதல் வரி. உங்களுக்கு வேற வருமானமே இல்லாட்டாலும் அடிப்படை விலக்கு இதுக்குக் கிடையாது. போய் வந்த செலவக் கழிக்க முடியாது, எல்ஐசியக் காட்ட முடியாது. பரிசு பத்தாயிரத்தத் தாண்டுனா குடுக்கறவனே பிடிச்சுட்டுத்தான் குடுக்கணும். பொருளாக் குடுத்தா, வரி கட்டியாச்சான்னு உறுதி பண்ணிட்டுத்தான் கைல விடணும். சித்தப்பா பைக் அறுபதாயிரம். முப்பது சதவீதம் 18,000, அன்னைக்கு மூணு சதவீத செஸ் 540. மொத்தம் 18,540. பிடிச்ச வரிக்குச் சான்றிதழ் கேட்டு வாங்குங்க, கணக்குத் தாக்கல் பண்ணும்போது காட்டுங்க.

இன்னொண்ணு. நீங்க எந்தப் போட்டிலயும் கலந்துக்காமலே "உங்களுக்கு 25 லட்சம் விழுந்திருக்கு, வரிய முன்கூட்டி அனுப்புங்க"ன்னு வாட்சப்ல அமிதாப் படத்தோட வந்தா அது களவாணிப் பயலுவ. ரொக்கப் பரிசுன்னா நிஜ வரியப் பரிசு குடுக்கறவன் அதுலயே பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டுவான், ஜிபேல கேக்க மாட்டான். பணம் போச்சுன்னா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க. போன வாரம் கூட எங்க ஆபீசுக்கு ஒரு பாட்டி அந்த மெசேஜ பிரிண்ட் எடுத்து மஞ்சப்பைல வச்சுக் கொண்டு வந்தாங்க.

குளச்சல் காத்து

யாருப்பா இங்க வரி கேட்டது?

பேச்சிப்பாறை

எல்லாரும் "மூளை வேண்டாத போட்டி"ன்னு சிரிக்கீங்க. எங்கம்மைக்கு எழுத்து கூட்டத் தெரியாது. சரத்குமாரோட கோடீஸ்வரன் வந்தப்ப எங்கண்ணனும் நானும் டிவிக்கு முன்னால, "ஆப்ஷன் பி, ஆப்ஷன் பி"ன்னு துள்ளுவோம். அம்ம அடுக்களைல நின்னு மரச்சீனி தொலி உரிப்பா. ஒரு நாளும் வந்து இருக்க மாட்டா. எங்க கூட்டத்துல அவளுக்கு என்ன சோலி?

பெட்டி விளையாட்டு வந்த பெறவு கத்தியோட முன்னறைக்கு வந்தா. பதினாறாம் நம்பர் பெட்டியத் தொடப்பிடாதுன்னா. ஏன்னு கேட்டா, "அந்தப் பிள்ளைக்க மொகம் சரியில்ல"ன்னா. பெட்டி பிடிச்சிட்டு நின்ன பொண்ணச் சொல்லுதா. திறந்தா பெரிய தொகை அதுலதான் இருந்துது, போச்சு. நாங்க ரெண்டு பேரும் அம்ம மூஞ்சிய வாயப் பிளந்து பாக்கோம். அவ ஒண்ணும் பேசாம தொலிய வாரிக்கிட்டு உள்ள போனா. மறுநாள்ல இருந்து நாற்காலில அவளுக்கு இடம் போட்டு வச்சோம். அதுக்குப் பெறவு அவ சொன்னது எல்லாமே தப்பு. அது வேற விஷயம்.

லாட்டரிய 2003ல இங்க நிறுத்துன பெறவும் களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குப் போயி டிக்கெட் எடுத்துட்டு வாற மாமன்மாருக்கு யாரும் புத்தி சொல்லல. அம்ம டிவி பாத்தா மட்டும் மூளையப் பேசுதாங்க.

பிஸ்கட்

எனக்குச் சின்னதுதான். மழவில் மனோரமா மலையாளச் சேனல்ல மினிட் டு வின் இட் (ஒரு நிமிஷப் போட்டி) பாத்துட்டு எங்க கிளப்புல கிறிஸ்மஸ் ராத்திரி அதே போட்டி வச்சோம். நெத்தில பிஸ்கட்ட வச்சு, கை தொடாம, மூஞ்சிய மட்டும் கோணி வாய்க்குக் கொண்டு வரணும். எனக்குக் கண்ணு வரைக்கும் வந்துட்டு. அங்க நின்னு போச்சு. மைக்குல பத்து, ஒம்பது, எட்டுன்னு எண்ணுறான். சர்க்கரை உருகிக் கண்ணுக்குள்ள இறங்குது. எனக்குப் பொண்ணு பேசியிருந்த வீட்டுக்காரங்க முன் வரிசைல இருக்காங்க, நான் ஒத்தக் கண்ண இடுக்கிக்கிட்டு அவங்களையே பாத்து மூஞ்சியக் கோணுதேன். அந்தக் கல்யாணம் நடக்கல. பிஸ்கட்டாலன்னு யாரும் சொல்லல.

தக்கலைக்காரன்

எல்லாத்தையும் வாசிச்சேன். பேச்சிப்பாறை எழுதுனதப் பாத்த பெறவு எங்கம்மாட்ட கேட்டே ஆகணும்னு தோணிச்சு. இத்தன வருஷமா சொல்லாம வச்சிருந்ததப் போட்டு உடைச்சேன். அப்பா போன், துவர்த்து, பில்லு எல்லாம்.

அம்மா சீரியல்ல இருந்து கண்ண எடுக்கல. "ரூம் கதவு இடுக்கு வழியா நானும்லா பாத்துக்கிட்டுக் கிடந்தேன்"னாங்க. பெறவு கொஞ்ச நேரம் கழிச்சு, "அது விஜயகாந்த் இல்ல மக்களே. தாடை சரத்குமாரு. உங்கப்பாக்கு எப்பவும் ஆளு மாறும்."