முழங்கால் வலிக்கு நீரில் பின்னோக்கி நடப்பது ஏன்?

ஹட்டன் வாசகி:
என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். நிறைந்த கூடையோடு மலைச்சரிவில் இறங்கி இறங்கியே முழங்கால் போய்விட்டது என்பார். இடுப்பளவு நீரில் பின்னோக்கி நடக்குமாறு இயன்மருத்துவர் கூறியுள்ளார். முன்னோக்கி நடப்பதை விட இது எவ்வகையில் மேலானது? எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)க் கீழே ஓடும் ஆற்றிலேயே செய்யலாமா?

பேராதனை வாசகர்:
இடுப்பளவு நீரில் மிதப்புவிசை உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைத் தாங்கிக்கொள்கிறது. எடையைக் குறைக்கும் அதே நீர், காற்றை விட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், அசைவைத் தடுக்கவும் செய்கிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஆகவே அம்மா மெதுவாகவே தொடங்கட்டும்.

இனி, திசை. இறக்கத்தில் நடக்கையில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் சுமையைப் பிடித்து நிறுத்துகிறது; அப்போதுதான் முழங்காற்சில்லு தொடையெலும்பின் மீது பலமாக அழுந்துகிறது. பின்னோக்கி நடக்கையில் குதிகாலுக்கு முன்னதாக முன்பாதம் தரையைத் தொடுகிறது; அந்தத் தசையோ பெரும்பாலும் சுருங்கியவாறே முழங்காலை நீட்டி உடலைத் தள்ளுகிறது. இதனால் சில்லின் மீது அழுத்தம் குறைவாக இருக்கும்போதே தசை வலுப்பெறுகிறது. நீர் முதுகில் மோதி உடலை முன்னே சாய்க்க முயல்வதால், முதுகெலும்பை ஒட்டிய தசைகளும் கூடுதலாக உழைக்கின்றன. கூடை சுமந்தவர்களுக்கு முதுகுவலியும் இருப்பது வழக்கம். இருந்தால் அதையும் இயன்மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நுவரெலியா வாசகர்:
ஆறு வேண்டாம், தங்கச்சி. பாசி பிடித்த பாறையில் பின்னால் என்ன இருக்கிறதென்று பாராமல் கால் வைப்பது ஒருபுறமிருக்க, மேலே மலையில் மழை பெய்தால் கீழே நீர்மட்டம் சொல்லாமல் உயரும். நீரோட்டமும் கணக்கைக் குலைத்துவிடும்: ஓட்டத்தை எதிர்த்து நடந்தால் தடை மிகும், ஓட்டத்தோடு நடந்தால் ஆறே ஆளைத் தள்ளிச் செல்லும். சிகிச்சைக் குளங்களில் நீரை 33 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்குச் சற்று மேலாகவோ வைத்திருப்பது தசை தளரவேண்டும் என்பதற்காகத்தான்; நம் ஓடைக் குளிரில் அது இறுகிவிடும்.

ஹட்டன் வாசகி:
மிக்க நன்றி. குளம் கிடைக்கும்வரை தரையில் பழகலாமா?

பேராதனை வாசகர்:
தரையில் முழு எடையும் காலில் இறங்கும் என்பதால் இயன்மருத்துவரைக் கேட்டபின் செய்யுங்கள். அவர் சம்மதித்தால் இஸ்தோப்பில் (வீட்டின் முன் தாழ்வாரத்தில்), ஒரு கை சுவரைத் தொட்டபடி, நீங்கள் பின்னால் நிற்க, நாலைந்து எட்டுகள் மட்டும் போதும்.