திருச்செங்கோடு எந்த மாவட்டம்? (பிடித்த எழுத்தாளர் பற்றிய இழை)

இருபதாவது வளைவு:
நேற்று லீபஜார் அண்ணன் இங்கே எழுதியதை அப்படியே தருகிறேன்: "வாசகனை எழுத்தாளரிடம் இழுப்பது சொந்த மண் மட்டும்தான். சேலத்துக்காரன் பெருமாள்முருகனைப் படிப்பது அவர் சேலத்துக்காரர் என்பதால்." ஏற்காட்டுக் குளிரிலும் எனக்குச் சூடு ஏறிவிட்டது. பெருமாள்முருகன் திருச்செங்கோட்டுக்காரர். திருச்செங்கோடு நாமக்கல் மாவட்டம். நான் சுஜாதா வாசகன். கொலையையும் கோர்ட்டையும் துரத்திக்கொண்டு அலைகிற அவருடைய வக்கீல்கள் கணேஷ், வசந்த்துக்கும் என் காப்பிச் செடிக்கும் என்ன சொந்தம்? நாலே வார்த்தையில் ஒரு ஆளைக் கண்முன் நிறுத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்த வேகத்துக்காகப் படிக்கிறேன். அவர் ஸ்ரீரங்கமா சிங்கப்பூரா என்று பார்த்துப் புத்தகம் வாங்கவில்லை.

லீபஜார்:
தம்பி, நாமக்கல் மாவட்டம் பிறந்ததே 1997-ல். அதற்கு முன் திருச்செங்கோடு சேலம் மாவட்டத்துத் தாலுகா. 'ஏறுவெயில்' வெளிவந்தது 1991. கணக்கு வருமல்லவா? காலனி கட்ட நிலம் எடுபட்டு, ஒரு விவசாயக் குடும்பம் சிதறுகிற கதை அது. இரும்பாலைக்கு நிலம் கொடுத்த ஊர்களில் போய் அதைப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் கண் கலங்குகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் வந்து சுஜாதாவின் வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

இருபதாவது வளைவு:
அருமை. அப்படியானால் 1991-ல் வந்த 'ஏறுவெயில்' சேலத்து நாவல், 2000-ல் வந்த 'கூளமாதாரி' வெளியூர் நாவல். 'மாதொருபாகன்' வந்தது 2010. அதைக் கையில் எடுத்ததும் "ஐயோ, பக்கத்து மாவட்டத்துச் சரக்கு" என்று கீழே வைத்துவிட்டீர்களா? அரசாணை வந்த அன்றே உங்கள் ஈர்ப்பும் அறுந்திருக்க வேண்டுமே அண்ணே!

தறிச்சத்தம்:
நீங்கள் இருவரும் மாவட்ட எல்லையை அளந்து முடியுங்கள். நான் லட்சுமியின் வாசகி. டாக்டர், பல வருஷம் தென் ஆப்பிரிக்காவில் இருந்தவர். அவருக்கும் எங்கள் சேலத்து அம்மாபேட்டைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் அவர் கதையில் பெண் படிப்பாள், வேலைக்குப் போவாள், மாமியார் வீட்டில் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்வாள். எங்கள் வீட்டில் அம்மா, சித்தி, நான் மூன்று பேரும் ஒரே பிரதிக்குச் சண்டை போட்டிருக்கிறோம். எங்களால் சொல்ல முடியாததை அவள் சொன்னாள், அதற்காகப் படித்தோம்.

ஓரக்குறிப்பு:
பேச்சு இலக்கிய ஈர்ப்பைப் பற்றியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வருகிற வரை படிக்கிற தொடர்கதைகளை இதில் சேர்க்க வேண்டாமே.

தறிச்சத்தம்:
ஓரக்குறிப்பு சார், 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-ல் சாகித்ய அகாதெமி விருது கொடுத்தவர்களும் மதியத் தூக்கத்தில்தான் இருந்தார்களா? உங்களுக்கு மிகவும் பிடித்த எழுத்தாளரின் நாவலைப் பாதியில் மூடிவைத்த கதையைப் போன வருஷம் நீங்களே இங்கே எழுதினீர்கள். நான் லட்சுமியை எதிலும் பாதியில் விட்டதில்லை. ஈர்ப்பு யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

ஓரக்குறிப்பு:
பாதியில் நிறுத்தியது ஆழ்ந்து யோசிப்பதற்காக.

தறிச்சத்தம்:
இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறீர்கள் போலிருக்கிறது.

இருபதாவது வளைவு:
அக்கா சொல்வது என் பக்கம்தான். அண்ணனுக்கு இன்னொரு கேள்வி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான், கடம்பூரில் ஒளிந்து கேட்கிறான், தஞ்சாவூர் போகிறான், இலங்கைக்குக் கடல் தாண்டுகிறான். சேலம் பக்கமே திரும்பவில்லை. ஆனாலும் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொகுப்பு செவ்வாய்ப்பேட்டை வீடுகளில்கூட இருந்தது. ஏன்? ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஆளைத் தொங்கலில் விட்டுவிட்டுப் போவார் கல்கி. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஐந்து பாகம் படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இதில் மண் எங்கே இருக்கிறது?

லீபஜார்:
கல்கியை இழுத்தது நீங்கள், நான் இல்லை. அவர் ராஜாஜியின் காந்தி ஆசிரமத்தில் தங்கி 'விமோசனம்' பத்திரிகைக்கு வேலை பார்த்தவர். ஆசிரமம் எங்கே? திருச்செங்கோட்டுப் பக்கம். அன்றைக்கு அது எந்த மாவட்டம்? சேலம்! ராஜாஜி யார்? சேலத்து வக்கீல், சேலம் நகராட்சித் தலைவர். இப்போது சொல்லுங்கள், மண் இல்லையா?

இருபதாவது வளைவு:
'விமோசனம்' மதுவிலக்குப் பத்திரிகை அண்ணே. குந்தவையைப் பார்க்க வந்தியத்தேவன் எப்போது போவான் என்று காத்திருந்தவர்கள், "ஆகா, ஆசிரியர் நம் ஜில்லாவில் கள்ளை எதிர்த்தவர்" என்றா காத்திருந்தார்கள்? ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம்.

லீபஜார்:
அவர் பிறந்தது 1878. அன்று அது சேலம் ஜில்லா. வரலாறு தெரியாமல் வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்.

இருபதாவது வளைவு:
எல்லோரும் கவனியுங்கள். மாம்பழ இழையிலும் இவர் இதைத்தான் செய்தார். கிருஷ்ணகிரியில் விளைந்த பழத்தைச் சேலத்து மாம்பழம் என்றார். கேட்டால் 'அப்போது ஒரே ஜில்லா'. பழத்துக்கு ஒரு ஜில்லா, எழுத்தாளருக்கு ஒரு ஜில்லா, எல்லாமே லீபஜார் மண்டிக்குள் அடக்கம்.

லீபஜார்:
மாம்பழத்தை இங்கே இழுக்க வேண்டாம். அந்த இழையில் கடைசிப் பதில் என்னுடையது, அதற்கு இன்னும் நீங்கள் வாய் திறக்கவில்லை.

ஐந்து ரோடு:
நான் புதிது. சொல்லலாமா என்று தெரியவில்லை. எனக்கு கி.ரா. (கி. ராஜநாராயணன்) பிடிக்கும். அவருடைய இடைசெவலையோ கோவில்பட்டியையோ பார்த்ததுகூட இல்லை. கரிசல் பேச்சில் பல சொல் புரியாது, அவரே தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஆனாலும் எங்கள் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கும். ஒருவேளை மண்ணைவிடக் குரல்தான் இழுக்கிறதோ? அவருடைய மண், அவருடைய குரல், இரண்டையும் பிரிக்க முடியுமா என்றும் யோசிக்கிறேன்.

லீபஜார்:
நல்வரவு தம்பி. அதெல்லாம் இருக்கட்டும். 1991-ல் திருச்செங்கோடு சேலமா இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

இருபதாவது வளைவு:
இப்போது எந்த மாவட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி.

ஓரக்குறிப்பு:
யாரும் தொடாத விஷயத்தை நான் சொல்கிறேன். பெருமாள்முருகனைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் 2015-க்கு முன் படித்தவர்கள்? அந்த ஜனவரியில், 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்பால், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் முகநூலில் அறிவித்தார். பிறகுதான் எல்லோரும் கடைக்கு ஓடினார்கள். இழுத்தது சர்ச்சை. மண்ணும் இல்லை, குரலும் இல்லை.

இருபதாவது வளைவு:
2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் எழுதட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சர்ச்சையே காந்தம் என்றால் அதோடு கூட்டம் கலைந்திருக்கும். 'பூனாச்சி'யை, ஒரு வெள்ளாட்டின் கதையை, எந்தச் சர்ச்சைக்காகப் படித்தார்கள்?

லீபஜார்:
ஒன்றை இரண்டு பேருமே பார்க்கவில்லை. 'மாதொருபாகன்' நாவலைப் பிடித்துச் சண்டைக்கு வந்தவர்கள் யார்? அதே ஊர்க்காரர்கள். தூரத்தில் இருப்பவன் ரசித்துவிட்டுப் போவான், சொந்த மண்ணுக்காரனுக்குத்தான் சுடும். நேசமானாலும் கோபமானாலும் மண்தான் இழுக்கிறது. இதற்கு என்ன பதில்?

இருபதாவது வளைவு:
அவர்கள் திருச்செங்கோட்டுக்காரர்கள். நாமக்கல் மாவட்டம்.

தறிச்சத்தம்:
லீபஜார் அண்ணன் உருப்படியாகச் சொன்னதே இந்த ஒன்றுதான், அதற்கும் இந்தப் பதிலா? மலையிலிருந்து கீழே இறங்கி வாருங்கள் தம்பி.

இருபதாவது வளைவு:
அக்கா, நீங்கள் என் பக்கம் என்று நினைத்தேன்.

தறிச்சத்தம்:
நான் லட்சுமி பக்கம்.

லீபஜார்:
தர்மபுரியும் 1965 வரை சேலம்தான் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

இருபதாவது வளைவு:
பதியுங்கள். ஒகேனக்கல் தண்ணீரும் உங்களுடையது, ஒகேனக்கல்லை யார் எழுதினாலும் அவரும் உங்களுடையவர். பரிசல் வாடகையையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

அர்த்தநாரி:
வணக்கம். நான் திருச்செங்கோடு. இவ்வளவு நேரம் எங்கள் ஊரை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தீர்கள், எங்களை ஒருவரும் கேட்கவில்லை. நான் படிப்பது ராஜேஷ்குமார். பஸ்ஸில் ஏறும்போது எடுத்தால் இறங்குவதற்குள் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

லீபஜார்:
பார்த்தீர்களா! ராஜேஷ்குமார் கோயம்புத்தூர்க்காரர். திருச்செங்கோடும் கொங்கு, கோவையும் கொங்கு, நாமும் கொங்கு. ஒரே மண்!

இருபதாவது வளைவு:
சேலம் கொங்கா? யார் சொன்னது? இதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ஆதாரத்தோடு வாருங்கள், மண்டியில் கேட்டதை எல்லாம் கொண்டுவர வேண்டாம்.

ஓரக்குறிப்பு:
இலக்கியத்துக்கு ஏது மாவட்டம்?

தறிச்சத்தம்:
நீங்கள் முதலில் அந்த நாவலை முடியுங்கள் சார்.