டயாலிசிஸின்போது ஊசி நழுவினால் எச்சரிக்கும் வயர்லெஸ் சென்சார் பயன்படுமா?

குடமுருட்டி (திருவையாறு):
அனைவருக்கும் வணக்கம். 67 வயதான என் தந்தையார், தஞ்சாவூரிலுள்ள ஒரு மையத்தில் வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சென்ற மாதம் ஒரு நாள், ஏசி குளிருக்காக ஊசி குத்திய கையின்மேல் அவர் போர்த்தியிருந்த ஈரிழைத் துண்டின் ஓரம் நனைந்து கருத்திருப்பதைத் தற்செயலாகக் கண்டேன். துண்டை விலக்கினால், ரத்தம் உடலுக்குத் திரும்பும் ஊசி பிளாஸ்டரோடு வெளியே வந்து கிடந்தது. இயந்திரம் அப்போதும் ஒலி எழுப்பவில்லை. என் குரல் கேட்டு ஓடிவந்த சிஸ்டர் பம்பை நிறுத்தியதால் அவர் பிழைத்தார். இயந்திரம் இதை ஏன் அறியவில்லை? ஊசிமேல் ஒட்டும் சென்சார் இதைத் தடுக்குமா?

அரசலாறு (கும்பகோணம், டயாலிசிஸ் டெக்னீஷியன்):
ஐயா, தாங்கள் பார்த்தது பெரும் நல்வாய்ப்பு. இயந்திரம் ஊசியைக் கண்காணிப்பதில்லை. ரத்தம் திரும்பும் குழாயிலுள்ள அழுத்தத்தை மட்டுமே அளக்கிறது. அந்த அழுத்தத்தின் பெரும்பகுதி, மெல்லிய ஊசிக்குள் ரத்தம் புகுந்து செல்வதால் ஏற்படும் தடையிலிருந்து வருவது. ஊசி நழுவினாலும் அந்தத் தடை அப்படியே இருப்பதால், அழுத்தம் சிறிதளவே குறைந்து, அலாரத்துக்கு வைத்த எல்லைக்குள் நின்றுவிடக்கூடும். பம்ப் நிமிடத்துக்கு 300 மில்லி வேகத்தில் ஓடினால் 5 நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் போய்விடும். பெரியவர் ஒருவரின் உடலில் இருப்பதே ஏறத்தாழ 5 லிட்டர்தான்.

சென்சார் அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பட்டையில் ரத்தத்தின் ஈரம் பட்டவுடன், கம்பியில்லாமலே எச்சரிக்கை ஒலிக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அது ஒலி மட்டும் எழுப்புமா, அல்லது பம்பையும் நிறுத்துமா? தங்கள் மையத்து இயந்திரத்தோடு இணையாத கருவி ஒலி மட்டுமே எழுப்பும். ஓடிவர ஆள் வேண்டும். வியர்வையால் வீண் அலாரம் அடிக்கும் கருவிகளும் உண்டு. அதற்காக அதை அணைத்து வைக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது.

பாமணியாறு (மன்னார்குடி):
என் தாயாருக்கு மூன்றாம் மணி நேரத்தில் பிரஷர் இறங்கிவிடும். விரலில் மாட்டும் கருவி நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் காட்டினாலும், பிரஷர் இறங்குவதைக் கைப்பட்டை கட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இதற்கும் வயர்லெஸ் கருவி உதவுமா?

அரசலாறு:
அம்மா, கைப்பட்டையின் இடத்தை அது பிடிக்காது. அவர் கொட்டாவி விட்டாலோ, வியர்த்தாலோ, தலை சுற்றுகிறது என்றாலோ அடுத்த அளவீடு வரை காத்திராமல் உடனே சொல்லிவிடுங்கள். குடமுருட்டி ஐயாவுக்கு இன்னொன்று: சென்சார் வரும்வரை, உடம்பெல்லாம் போர்த்தினாலும் ஊசி குத்திய கை மட்டும் வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும்.

குடமுருட்டி:
மிக்க நன்றி ஐயா. நேற்றைய முறையிலேயே துண்டை அவர் கால்மேல் போட்டுவிட்டு, முழுக்கைச் சட்டைக்குப் பதிலாக அரைக்கைச் சட்டை அணிவித்து அழைத்துச் சென்றேன். பம்பை நிறுத்தும் வசதியைப் பற்றி மையத்தில் கேட்டிருக்கிறேன். பதில் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.