கழுத்து நாளங்கள் குழப்புது, ஆராவது உதவுவீங்களோ?

அண்ணாமார், அக்காமார், வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலை மருத்துவம் முதலாம் வருசம்.

நாடிகள் (இதயத்திலையிருந்து ரத்தம் கொண்டுபோற குழாய்கள்) ஒருமாதிரிப் பிடிபட்டிட்டுது. இடப்பக்கப் பொதுக் கரோட்டிட் (கழுத்தாலை தலைக்குப் போற பெரிய நாடி) நேரே பெருநாடி வில்லிலையிருந்து வருது, வலப்பக்கத்தது அந்த வில்லின்ரை முதற்கிளையான பிரக்கியோசெபாலிக் நாடியிலையிருந்து. தைரொயிட் கசியிழையத்தின்ரை (குரல்வளைக்கு முன்னாலை இருக்கிற குருத்தெலும்பு) மேல்விளிம்படியிலை உள், வெளி எண்டு ரெண்டாப் பிரியுது. உள் கரோட்டிட்டுக்குக் கழுத்திலை கிளையே இல்லை, வெளிக் கரோட்டிட்டுக்கு 8. கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு தொண்டையிலை விரல் வைச்சுத் துடிப்புத் தேட, அம்மம்மா "என்னடா, மீன்முள்ளுக் குத்திப்போட்டுதோ?" எண்டு கேட்டா.

பிரச்சினை ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவாற நாளங்களிலைதான். கீழ்த்தாடைக்குப் பின்னாலை இறங்கிற ரெட்ரோமண்டிபுலர் நாளத்தின்ரை முன்கிளை முகநாளத்தோடை சேர்ந்து உட்கழுத்து நாளத்துக்குப் போகுது. பின்கிளை காதுக்குப் பின்னாலை வாற நாளத்தோடை சேர்ந்து வெளிக்கழுத்து நாளமாகுது. வாசிக்கேக்கை விளங்குது, கீறேக்கை மாறிப்போகுது. நீலப் பேனையாலை நாலுதரம் கீறிப் பாத்தன், கொப்பியிலை இடியப்பம் பிழிஞ்ச மாதிரிக் கிடக்கு. மேலுதட்டுப் பருவைப் பிதுக்கினால் கிருமி முகநாளத்தாலை மூளைக்கு அடியிலை ரத்தம் சேருற கவேர்னஸ் சைனசுக்குப் போகலாம் எண்டது மட்டும் மறக்காது, பயத்திலை.

வெள்ளிக்கிழமை வைவா (வாய்மொழிச் சோதனை). கையாலை கீறின படமோ, ஞாபகம் வைக்கிற வசனமோ இருந்தால் போடுங்கோ. இஞ்சை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கமெண்டால் நானே வந்து கொப்பியை வாங்கி, போட்டோக்கொப்பி அடிச்சிட்டு அண்டைக்கே திருப்பித் தாறன்.