40 மணிநேரப் பயிற்சிக்கு கிரெடிட் அங்கீகாரம் எடுப்பது எப்படி? (திருகோணமலை)

உவர்மலை_பராமரிப்பு:
வணக்கம். உவர்மலையில் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் நடத்துகிறேன். ஐந்து நிலையங்கள் சேர்ந்து 22 பராமரிப்பாளர்களுக்குச் சனி, ஞாயிறுகளில் 40 மணிநேரப் பயிற்சி நடத்தினோம். முதலுதவி, தொண்டையில் சாப்பாடு சிக்கினால் செய்வது, விளையாட்டு வழிக் கற்றல் என்று நல்லபடி முடிந்தது. சான்றிதழில் '4 சி.இ.யு.' (தொடர்கல்வி அலகு) என்று அச்சடித்தோம். இணையத்தில் எடுத்த மாதிரியில் அப்படித்தான் இருந்தது. அங்கீகாரம் கேட்டுப் போனால், ஒரு அலுவலகத்தில் "இது என்ன கணக்கு?" என்று கோப்பைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

பாதிப்பேர் மூதூர், கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். ஒருவர் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி பின்னால் நின்றே எல்லா வகுப்பையும் கேட்டார். அவர்களுக்கு என்ன சொல்வேன்?

கடல்முக_வாசி:
அக்கா, அது அமெரிக்கக் கணக்கு. என் தங்கை அங்கே சிறுவர் பராமரிப்பில் இருக்கிறாள். 10 மணிநேர வகுப்பு ஒரு சி.இ.யு. சி.டி.ஏ. என்ற அவளுடைய சிறுவர் பராமரிப்புச் சான்றிதழை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க 4.5 சி.இ.யு., அதாவது 45 மணிநேரம் காட்ட வேண்டும். இங்கே அந்த அலகுக்கு இடமில்லை. நம் பல்கலைக்கழகங்களின் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணிநேரக் கற்றல். வகுப்பு மட்டுமல்ல, சொந்தப் படிப்பும் மதிப்பீடும் அதற்குள் அடங்கும்.

பாலையூற்று_ரீச்சர்:
தங்கச்சி, மனம் தளராதீர்கள். முடிந்துபோன பயிற்சிக்குப் பின்தேதியிட்டு அங்கீகாரம் எடுக்க அலைய வேண்டாம். என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) பாடநெறி நடத்த, நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகி, பாடநெறிக்கும் தரச்சான்று இருக்க வேண்டும். அடுத்த முறை அப்படிப் பதிவான ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துங்கள்.

இப்போதைக்கு ஆர்.பி.எல். (முன்கற்றலை அங்கீகரித்தல்) வழி இருக்கிறது. வேலை செய்து கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. தருவார்கள். அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைற்றாவின் அலுவலகத்தில் விசாரியுங்கள். முன்பள்ளி ஆசிரியருக்கு 4ஆம் மட்டம் உண்டு, ஆனால் கைக்குழந்தைகளைப் பார்ப்பவரின் வேலை வேறு. யாருக்கு எந்தத் தகைமை பொருந்தும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மதிப்பீட்டாளர் சான்றிதழை மட்டும் பார்ப்பதில்லை, செய்து காட்டவும் சொல்வார். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த கோடு போட்ட கொப்பி) போடுங்கள்: வரவுக் கையொப்பம், வகுப்புத் தலைப்பும் நேரமும், நிலையத்தின் சேவைக் கடிதம், பிள்ளைகளோடு செய்த வேலைகளின் குறிப்பு. பிள்ளைகளின் முகம் தெரியும் படம் ஒட்டுவதென்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உவர்மலை_பராமரிப்பு:
ரீச்சர், அச்சடித்த சான்றிதழ்களை என்ன செய்வது?

பாலையூற்று_ரீச்சர்:
திரும்ப வாங்கி, '40 மணிநேரப் பயிற்சியில் பங்குபற்றினார்' என்று மாற்றி, தலைப்புகளைப் பின்பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். உண்மையான மணிநேரம் எழுதிய தாள் கொப்பிக்குள் ஆதாரமாக நிற்கும், இல்லாத கிரெடிட் எழுதிய தாள் நேர்முகத்தில் அந்தப் பராமரிப்பாளரைத்தான் சங்கடப்படுத்தும். பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுத்து, அடுத்த பயிற்சிக்கு முன்பே அவரைக் கூப்பிடுங்கள்.

உவர்மலை_பராமரிப்பு:
சரி ரீச்சர். வரவுப் பதிவேடு கையில் இருக்கிறது, 22 பேரின் கையொப்பமும் நாள்வாரியாக உண்டு. ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டுக் கொப்பி தொடங்குகிறோம். மூதூர்க்காரருக்கு பஸ் காசு நிலையங்கள் பங்கு போட்டுக் கொடுக்கும்.